காரணம்: வானிலை

இந்த நாட்டுக்குள்
விமானம் ஏறி இறங்க இடமில்லை.
பாசிர் ரிஸ்ஸில் ஏறித் துவாஸ் போனால்
ரயிலிலேயே தேசம் முடிந்துவிடும்.
அதனால்தானோ என்னவோ,
சாங்கியில் எழும்புகிற எதுவும்
எழும்பிய கணமே வெளிநாடு.

என் வேலை, நான்கு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து
தூரத்தை எரிபொருளாக மாற்றுவது.
நியூயார்க், எட்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கடல்மைல்.
அது உருண்டையின் மேல் நூல் பிடித்த கணக்கு.
காற்று அந்த நூலை ஒருநாளும் மதித்ததில்லை.
நேற்று ஜப்பானுக்குக் கிழக்கே இழுத்தது,
இன்று அலூஷியன் தீவுகளுக்குக் கீழே தள்ளுகிறது.
ஊர்கள் அதே இரண்டுதான்,
தினமும் வேறு தொலைவு.

நீ போன இரவு
பதினொன்று முப்பத்தைந்துக்குப் புறப்பாடு.
விடிகாலை ஆறு பத்துக்கு இறங்கினாய்.
கடிகாரத்தைக் கேட்டால் ஆறரை மணி நேரம்,
கோலாலம்பூர் பேருந்தில் போடுகிற ஒரு தூக்கம்.
உன் கணுக்கால் பதினெட்டரை என்றது.
வீங்கிய அதைப் படம் எடுத்து அனுப்பினாய்,
"உன் கணக்கில் இது எந்தப் பத்தியில் வரும்?" என்று.

கோடையில் நமக்கு ஒரு வசதி இருந்தது, சுகந்தி.
பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்றால்
முட்கள் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் நிற்கும்.
பொங்கோல் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏழேகால்,
உன் வாடகை அறையிலும் ஏழேகால்.
நான் இரவுக்கு ரசம் சுடவைக்க
நீ ரொட்டியில் வெண்ணெய் தடவினாய்.
எந்தக் கடிகாரத்தையும் தொடாமல்
ஐந்து மாதம் குடும்பம் நடத்தினோம்.

நவம்பர் முதல் ஞாயிறு
அங்கே ஒரு மணி நேரத்தைப் பின்னால் தள்ளினார்கள்.
இங்கே சூரியனுக்கு அந்த வழக்கமில்லை.
நீ ஏழேகாலுக்கு அழைத்தாய்,
எனக்கு எட்டேகால், பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன்.
மறுநாள் நான் அழைத்தேன், நீ தூக்கத்தில்.
ஒரு மணி நேரம்தான்.
எட்டாயிரம் மைலைத் தாண்டியவர்கள்
அதில் தடுக்கி விழுந்தோம்.
அப்புறம் ஞாயிறு மட்டும் என்றாயிற்று.
அப்புறம், கட்டைவிரல் படம் ஒன்று.

இன்று பகல் முறை.
என் மேசைக்கு வந்தது
பத்து நாள் விடுப்பில் நீ வருகிற விமானம்.
போனது பசிபிக் மேலே,
வருவது அட்லாண்டிக் பக்கமாக;
உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான்
வீட்டுக்கு வருகிறாய்.
செவ்வாய் இரவு ஏறி வியாழன் காலை இறங்குவாய்.
புதன்கிழமையை
ஜன்னலை மூடியே கழித்துவிடுவாய்.

கணினி சொன்ன எரிபொருளில் குறையில்லை.
மாற்று விமான நிலையம், வானில் காத்திருப்பு, எல்லாம் சேர்த்தி.
அதன்மேல் ஒன்றரை டன் கூட்டினேன்.
தெரியும்,
கூட்டியதைச் சுமக்கவே
அதில் ஒரு பங்கு வழியில் எரிந்துவிடும்.
கட்டம் காரணம் கேட்டது.
வானிலை என்று தட்டினேன்.

பக்கத்து மேசை ஹஃபீஸா எட்டிப் பார்த்தாள்.
முன்னறிவிப்பில் வியாழன் காலை பளிங்கு மாதிரி இருந்தது.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தன் பிஸ்கட் டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு
வேலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

சாங்கியிலிருந்து வீட்டுக்கு 34ஆம் எண் பேருந்து.
ஐம்பது நிமிடம், நெரிசல் என்றால் ஒரு மணி.
அந்த ஒரு மணிக்கு மட்டும்
என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.

இன்னொன்று.
சமையலறைக் கடிகாரத்தை நவம்பரிலேயே
ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்தேன்.
அதை நம்பி இரண்டு முறை வேலைக்குத் தாமதம்.
நீ வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.
முக்காலியைத்தான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.